பதினாலாம் அறைக்கு விலக்கு இல்லை

செத்துப்போனவர்களை அந்த ஆராய்ச்சிக்கூடம் கவனித்துக்கொண்ட மாதிரி உயிரோடு இருந்தவர்களைக் கவனித்துக்கொண்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உயிரோடு இருப்பவருக்கு நாற்காலிக் கால் உடைந்தால் மாற்றித் தர ஒன்பது மாதம் ஆகும். செத்தவர்களுக்கோ நிரந்தரமாக ஒரு குழுவே இருந்தது. இரங்கல் குழு. அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், நாலு உறுப்பினர்கள், பூட்டு வைத்த ஓர் அலமாரி. அலமாரிக்குள் கையில் கட்டிக்கொள்ள முந்நூறு கறுப்புப் பட்டைகள். துக்கம் முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு பட்டையிலும் எண் போட்டிருந்தார்கள்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் மெயின் அண்ணனின் மனைவி இறந்து இருபத்து மூன்று நாள் கழித்துத்தான் குழு கூடியது. நாலு உறுப்பினர்களில் மூன்று பேராவது வர வேண்டும் என்பது விதி. ஒருவருக்குப் பல்வலி, ஒருவர் வெளியூர், ஒருவர் தானே செத்துப்போயிருந்தார். அவருக்கான இரங்கலும் அதே காரணத்தால் பாக்கியில் நின்றது.

மெயின் அண்ணன் என்பது பட்டப்பெயர்தான். கட்டடத்தின் அடித்தளத்தில் மின் அறை. அங்கே இருபத்தாறு வருஷமாக அவர்தான் ஆப்பரேட்டர். மொத்தக் கட்டடத்தின் சுவிட்சும் அவர் கையில் இருந்ததால் அந்தப் பேர். ஆளைப் பார்த்தால் அப்படி ஒன்றும் அதிகாரம் பண்ணுகிறவர் இல்லை. எழுத்தில் ஆர்டர் இல்லாமல் ஒரு பல்பைக்கூட மாற்ற மாட்டார். "அண்ணே, வீட்லயும் அண்ணி எழுதிக் குடுத்தாத்தான் விளக்குப் போடுவீங்களா?" என்று வாட்ச்மேன் கிண்டல் பண்ணுவார். அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த அண்ணிக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. தரைத்தளத்தில் பதினாலாம் அறை. படிகம் வளர்ப்பது அவள் தொழில், அதனால் அங்கே அவள் பெயர் கல்லு மேடம். அருமண் உலோகம் என்று ஒரு வகை உண்டு. அதில் டெர்பியம் என்கிற ஒன்றின் பொடியோடு வேறு சில பொடிகளைக் கலந்து உலையில் உருக்கி, நாளைக்கு ஒரு டிகிரி வீதம் ஆறவைத்து, ஏழு மாதம் பொறுமையாகக் காத்திருந்தால் துவரம்பருப்பு அளவில் கறுப்பாக ஒரு கல் கிடைக்கும். கிடைக்காமலும் போகும்.

முதல் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது மெயின் அண்ணன் கேட்டார்: "ஏழு மாசத்துக்கு இத்தனூண்டா?"

"சின்னதுன்னு பார்க்காதீங்க. காந்தத்துக்கு நடுவுல வெச்சா இது நீளும், தெரியுமா?"

"எவ்வளவு நீளும்?"

"ஒரு தலைமுடியோட பருமன் இருக்கே, அதை ஆயிரமா வகுந்தா ஒண்ணு."

"அடேயப்பா! அதுக்கா இந்தப் பாடு?"

"நீளும்போதே ரெண்டு பக்கத்துலயும் கரண்டும் வரும். கரண்ட்காரர் நீங்க. ஒயரே இல்லாம கரண்ட் வருதுன்னா சந்தோஷப்பட வேணாமா?"

அவர் சந்தோஷப்பட்டார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. கல்லைப் பற்றிப் பேசியே அவர்களுக்குப் பொழுது போயிற்று.

சிக்கல் எங்கே என்றால், கல் நீள்வதை யாருக்கும் காட்ட முடியவில்லை. அளக்கிற கருவி அவ்வளவு நுட்பம். மூன்றாவது மாடியில் ஏசி இயந்திரம் உறுமினால் கருவியின் கோடு நடுங்கும். லிஃப்ட் ஏறினால் கோடும் கூடவே ஏறும். கல் காட்டிய நீளம் எது, இயக்குநர் டீ குடிக்க மேலே போனது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தாள் முழுக்க முள்ளு முள்ளாக இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அளவெடுக்கலாமென்றால், ஆள் இல்லாத நேரத்தில் அளவெடுக்கக் கூடாது என்று விதி. விடுமுறை நாளில் கட்டடத்துக்குப் பூட்டு.

ஆகவே கல்லு மேடம் மனு போட்டாள். சோதனை நடக்கிற நாளில் ஒரே ஒரு முறை, ரெண்டு நிமிடம், பதினாலாம் அறை தவிர மற்ற எல்லா இயந்திரங்களையும் நிறுத்தித் தர வேண்டும். வருஷத்துக்கு ஒரு மனு, ஒன்பது வருஷம் ஒன்பது மனு. ஒன்பதுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "தனிநபர் ஒருவரின் பொருட்டு நிறுவனம் முழுவதையும் நிறுத்த விதிகளில் இடமில்லை." ஐந்தாவது பதிலில் கையெழுத்தை மறந்துவிட்டார்கள். அதற்கு அவள் ஒரு மனு போட்டுக் கையெழுத்து வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "ஏங்க, சுவிட்சு உங்க கையிலதானே இருக்கு? ரெண்டு நிமிஷம் அணைச்சுட்டு, ஏதோ ட்ரிப் ஆயிடுச்சுன்னு எழுதிடுங்களேன்."

"ஆர்டர் இல்லாம எப்படிம்மா?"

"சரிதான், சும்மா கேட்டேன்" என்று சிரித்துவிட்டு அவருடைய சட்டையை மடித்து வைத்தாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

உலையிலிருந்து வந்த கல்லிலேயே இதுதான் நல்ல கல் என்று ஒன்றை எடுத்துத் தேய்த்து, தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, மேலே "இது நல்லா வந்திருக்கு" என்று எழுதிவைத்த நாலாம் நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மெயின் அண்ணன் ஓடிவந்தபோது குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. கல்லைக் குளிர வைக்கத் திரவ ஹீலியம் வேண்டும். அதைக் கேட்டு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதிய விண்ணப்பம் இப்போது ஏற்கப்பட்டிருந்தது. விண்ணப்பதாரர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

மெயின் அண்ணன் போனார். "அவங்க இல்லைங்க. இறந்துட்டாங்க."

குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "இறப்புச் சான்று நகல் வெச்சா வாரிசு பேருக்கு மாத்தலாம். நீங்கதான் வாரிசா?"

இப்படியாக மெயின் அண்ணன் நூறு லிட்டர் ஹீலியத்துக்குச் சட்டப்படி வாரிசானார். கல்லு மேடத்திடம் நாலு வருஷம் உடனிருந்து அளவெடுக்கப் பழகிய பெண் ஒருத்தி உண்டு. எல்லோரும் அவளைச் சின்ன மேடம் என்பார்கள். அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த ஹீலியம் எட்டு மாதம் கழித்து. அதனால் இந்த ஒரு தடவைதான், இதை விட்டால் கிடையாது.

"மாமா, செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்கிறேன். வியாழக்கிழமை காலையில கல்லு நீள்ற அளவு குளிருக்கு, அந்த இடத்துக்கு, வந்துடும். காந்தமும் கரண்டும் ரெண்டும் இழுத்துப் பிடிச்சிருக்கும்போதேதான் கல்லு ஆறணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. உள்ள இருக்கிற குட்டிக் காந்தத் துணுக்கெல்லாம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கும். வெளியில பார்த்தா பூஜ்யம்."

"கரண்ட் போகாதும்மா. அது என் பொறுப்பு" என்றார் மெயின் அண்ணன். செவ்வாய்க்கிழமை கல்லின் சூடு இறங்கத் தொடங்கியது. புதன்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கல்லு மேடத்துக்கு இரங்கல் கூட்டம். பதினொன்று முதல் பதினொன்று ரெண்டு வரை பூரண மௌனம். இந்தப் பூரண மௌனம் போன வருஷம் வந்த புதுப் பழக்கம். முன்னொரு கூட்டத்தில் இயக்குநர் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தபோது எங்கேயோ ஒரு பம்ப் கடகடவென்று ஓடியதில் அவருடைய துக்கம் கலைந்துவிட்டதாம். அன்றிலிருந்து விளக்கு, மின்விசிறி, ஏசி, லிஃப்ட், ஜெனரேட்டர், சோதனைக் கருவிகள் அனைத்தையும் ரெண்டு நிமிடம் நிறுத்த வேண்டும் என்று தீர்மானம். சுற்றறிக்கையின் கடைசியில் இப்படி இருந்தது: "மெயின் சுவிட்சை அணைக்கும் பொறுப்பு: மின் அறை ஆப்பரேட்டர். முதல் வரிசையில் துக்கத்துடன் நிற்கும் பொறுப்பு: மறைந்தவரின் கணவர்."

சுற்றறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு சின்ன மேடம் படியிறங்கி ஓடிவந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, படிச்சீங்களா? அக்கா ஒன்பது வருஷமா கேட்ட ரெண்டு நிமிஷம் இதுதானே! எல்லாத்தையும் நிறுத்தப் போறாங்க. லிஃப்ட், ஏசி, எல்லாம். நம்ம அறைக்கு மட்டும் கரண்ட் இருந்தா போதும், கோடு சுத்தமா வந்துடும். நான் பதினொரு மணிக்கு அந்த இடத்துக்கு வர்ற மாதிரி இறக்குறேன். நீங்க பதினாலாம் அறைக்கு மட்டும் விலக்குக் கேளுங்க."

மெயின் அண்ணன் சுற்றறிக்கையைத் திரும்பவும் படித்தார். அதே ரெண்டு நிமிடம்தான். அவள் கேட்டபோது விதிகளில் இடமில்லாதது, அவள் செத்ததும் விதியாகவே வந்திருந்தது.

முதலில் இரங்கல் குழுச் செயலாளரிடம் போனார். போகிற வழியில் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

"ஐயா, இதுல போட்டிருக்கிற ஆப்பரேட்டரும் நான்தான், கணவரும் நான்தாங்க. ரெண்டு இடத்துலயும் எப்படி நிக்கிறது?"

செயலாளர் தலையைச் சொறிந்தார். "இப்படி ஒரு சிக்கல் இதுவரைக்கும் வந்ததே இல்லையே." ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: மின் அறையிலிருந்தபடியே துக்கம் அனுசரிக்க அனுமதி வழங்கப்படுகிறது. கூடவே ஒரு கறுப்புப் பட்டை, எண் இருநூற்றுப் பதினொன்று. "திருப்பிக் குடுத்துடணும், ஞாபகம் இருக்கட்டும்."

"இன்னொண்ணுங்க. பதினாலாம் அறைக்கு மட்டும் கரண்ட் விடணும். மேடத்தோட கடைசிக் கல்லு உள்ள இருக்கு."

"என்னங்க நீங்க! யாருக்கு மரியாதை செய்றோம்? அவங்களுக்குத்தானே? அவங்க அறையையே விட்டுட்டு மத்த அறையை எல்லாம் நிறுத்தினா அது என்ன மரியாதை? நிறுத்தணும்னா முதல்ல அதைத்தான் நிறுத்தணும்."

அங்கிருந்து நிர்வாக அதிகாரியிடம் போனார். விலக்குப் பட்டியல் அவரிடம்தான் இருந்தது. அதில் ரெண்டே ரெண்டு பெயர், ரெண்டுக்கும் தனி பேட்டரி உண்டு. ஒன்று, வாசலில் கட்டைவிரல் பதிக்கிற வருகைப் பதிவுக் கருவி. அது நின்றுவிட்டால் துக்கத்துக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று எப்படித் தெரியும்? இன்னொன்று, இயக்குநர் அறையில் இருக்கிற மீன் தொட்டி.

"மீன் உயிருள்ளது" என்று விளக்கினார் அதிகாரி. "காத்துப் போகலைன்னா செத்துடும். ஒரு சாவுக்காக இன்னொரு சாவா?"

"கல்லும் வளர்ந்ததுதாங்க. ஏழு மாசம் வளர்த்தாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வளர்ற பொருளா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? தோட்டப் பிரிவுல எழுதி வாங்கிட்டு வாங்க."

மெயின் அண்ணன் தோட்டப் பிரிவுக்கும் போனார். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு படிவத்தை எடுத்தார். "வெயில் வேணுமா?" "வேணாங்க." "தண்ணி?" "படவே கூடாதுங்க." நிழலில் வளரும் இனம், நீர்ப்பாசனம் தேவையில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டார். "எந்தத் தொட்டியில இருக்கு?"

"தொட்டியில இல்லீங்க. காந்தத்துக்கு நடுவுல இருக்கு."

"அடடா. தொட்டியில இல்லாததுக்கு நாங்க கையெழுத்துப் போடக் கூடாதே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டு, படிவத்தைக் கிழித்துப் போட்டார்.

கடைசியில் இயக்குநர். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறைக்குள் மெயின் அண்ணன் டியூப் லைட் மாற்றத்தான் போயிருக்கிறார், அதுவும் எழுத்தில் ஆர்டர் வந்த பிறகு. இயக்குநர் எழுந்து வந்து அவருடைய தோளைத் தொட்டார். பின்னால் தொட்டியில் மீன்கள் வளைய வந்துகொண்டிருந்தன.

"உங்க மனைவி மாதிரி ஒரு விடாமுயற்சியை நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வருஷம் விடாம மனு போட்டாங்க. ஒண்ணைக்கூட நான் தூக்கிப் போடலை. எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருக்கேன், ஒருநாள் உட்கார்ந்து படிக்கணும்னு. என்னதான் கேட்டாங்க?"

"ரெண்டு நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்தித் தரச் சொன்னாங்க."

"பாருங்க!" இயக்குநரின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அதைத்தான் நான் இப்பச் செய்றேன். அவங்க கேட்டதை நான் இல்லைன்னு சொல்லலை பாருங்க."

"அந்த ஒரு அறைக்கு மட்டும் கரண்ட் இருந்தாதாங்க அது…"

"அது வேண்டாம்." குரல் இன்னும் கனிந்தது. "துக்கம்னா முழுசா இருக்கணும். ஒரு அறைக்கு விலக்குக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க, என் அறைக்கும் துக்கம் வேண்டாம்னு. நானே நாளைக்கு ஏசி இல்லாம ரெண்டு நிமிஷம் நிக்கப் போறேன், யோசிச்சுப் பாருங்க."

மெயின் அண்ணன் யோசித்துப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

சின்ன மேடம் பதினாலாம் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "விடுங்க மாமா. உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுது. அக்கா இருந்தா அவங்களும் விடுங்கன்னுதான் சொல்வாங்க."

"எத்தனை மணிக்கு அந்த இடம் வரும்?"

"பதினொண்ணு, ஒரு நிமிஷம். அரை நிமிஷம் முன்னப் பின்ன இருக்கும்."

"சரி, நீ இறக்கு."

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கே மாடியில் கூட்டம் கூடிவிட்டது. அடித்தளத்தில் மெயின் அண்ணன் மட்டும். கையில் பட்டை எண் இருநூற்றுப் பதினொன்று. மெயின் சுவிட்சை ஒரே இழுப்பில் இழுத்தால் எல்லாம் போய்விடும், அதனால் அவர் அதைத் தொடவில்லை. அறை அறையாக, பதினாலை விட்டுவிட்டு மற்ற இருபத்தேழு சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். பதினொரு மணி அடித்தபோது கடைசிச் சுவிட்ச் இறங்கியது. இருபத்தாறு வருஷத்தில் ஆர்டர் இல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அது.

அவருக்கு இன்னொன்றும் தெரியும். பதினாலாம் அறையின் ரிலே பழசு. கட்டடத்தின் பாரம் மொத்தமும் இறங்கினால் வோல்டேஜ் எகிறும், அந்த ரிலே பயந்துபோய்த் தானே விழுந்து அறைக்குப் போகிற கரண்டை வெட்டிவிடும். விழாமல் இருக்க அதன் நாக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தார். அது துடித்தது. சூடாக இருந்தது, சுட்டது. விடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே அழுத்திக்கொண்டு நின்றார். ரெண்டு நிமிடம் ஆனதும் ஒவ்வொன்றாகச் சுவிட்சைத் தூக்கினார். அப்புறம் பதிவேட்டை எடுத்தார். "அனைத்தும் நிறுத்தப்பட்டன" என்று அச்சடித்தே இருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்தும் அதுதான்.

கரண்ட் வந்ததும் மாடியிலிருந்து ஒலிபெருக்கியில் இயக்குநர் பேசினது கீழேவரை கேட்டது. "அந்த மௌனத்துல எனக்கு ஒரு நாதம் கேட்டது. கும்… கும்னு. பூமிக்குள்ளேயிருந்து வர்ற மாதிரி. அது அவங்க உழைப்போட நாதம். உங்களுக்கும் கேட்டிருக்கலாம்." பதினாலாம் அறையின் பம்ப் ஓடிய சத்தம் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் நன்றாகவே கேட்டிருந்தது. தனக்கும் கேட்டதாகச் செயலாளர் எழுந்து சொன்னார், ஆனால் இயக்குநருக்குக் கேட்ட அளவுக்கு இல்லையாம்.

சின்ன மேடம் ஒரு நீளத் தாளோடு படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "மாமா, பாருங்க! இங்க பாருங்க!"

ஒன்பது வருஷம் முள்ளு முள்ளாகவே வந்த கோடு, அந்த ரெண்டு நிமிடம் மட்டும் நூல் பிடித்தது போல நேராகப் போயிருந்தது. நடுவில் ஒரு சின்னப் படி. கீழேயே இன்னொரு கோடு, கரண்டுக்கானது. அதிலும் அதே இடத்தில் ஒரு படி.

"ரெண்டும் ஒரே நொடியில. அக்கா சொன்ன மாதிரியே நீண்டிருக்கு மாமா, சொன்ன மாதிரியே கரண்டும் வந்திருக்கு." அவள் அங்கேயே படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மெயின் அண்ணன் அந்தப் படியை, தலைமுடியில் ஆயிரத்தில் ஒன்றை, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டைவிரல் கொப்பளித்திருந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் எந்தக் கண்டுபிடிப்பானாலும் சரிபார்ப்புக் குழு பார்க்காமல் வெளியே போகாது. குழு பார்த்தது, கோட்டைப் பாராட்டியது, அப்புறம் நேரத்தைப் பார்த்தது. பதினொன்று ஒன்று. அந்த நேரத்தில் கட்டடத்தில் எங்குமே மின்சாரம் இல்லை என்று பதிவேடு சொல்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. அப்படியானால் இதை எந்தக் கருவி அளந்தது? மறைந்தவரே வந்து அளந்திருக்கலாமே என்றார் ஓர் உறுப்பினர், ஏனென்றால் இயக்குநருக்கே நாதம் கேட்டிருக்கிறது. அப்படி வந்திருந்தால் வருகைப் பதிவுக் கருவியில் கட்டைவிரல் பதிந்திருக்க வேண்டுமே என்றார் இன்னொருவர். போய்ப் பார்த்தார்கள். பதியவில்லை. ஆகவே கோட்டைச் சின்ன மேடம் தானே வரைந்திருக்கிறாள், இது மோசடி, தள்ளுபடி செய்யப்படுகிறது என்று முடிவெடுத்தார்கள்.

கதவோரத்தில் நின்ற மெயின் அண்ணன், "நான் அணைக்கலைங்க" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பதினாலாம் அறையை நான் அணைக்கலை. பதிவேட்டுல பொய்யா எழுதினேன். இந்தப் பொண்ணு ஒண்ணும் வரையலை. கல்லு நீண்டது நிஜம்."

கோடு உடனே செல்லுபடியாகிவிட்டது. அதற்கு எழுத்தில் வாக்குமூலம் கிடைத்துவிட்டதல்லவா. கட்டுரையும் தயாரானது. முதல் பெயர் இயக்குநருடையது, மௌனத்தை ஏற்பாடு செய்தவர் அவர்தானே. அடுத்தது செயலாளர், நாதத்தைக் கேட்ட ரெண்டாமவர். பிறகு சரிபார்ப்புக் குழுவினர் இருவர். ஐந்தாவதாக, அடைப்புக்குறிக்குள் "காலஞ்சென்ற" என்று போட்டுக் கல்லு மேடம். சின்ன மேடம் சண்டை போட்டுப் பார்த்தாள். மாதக் கடைசி வந்துவிட்டது. கல் இருந்த தீப்பெட்டியை மெயின் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மெயின் அண்ணன்மேல் விசாரணை வந்தது. மறைந்த ஊழியருக்கு உரிய மரியாதை செலுத்தத் தவறியது என்பது குற்றச்சாட்டு. விசாரணை அதிகாரி கண்டிப்பானவர், ஆனால் கேள்வியெல்லாம் சரியாகத்தான் கேட்டார்.

"மௌன நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"மின் அறையில."

"என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"ரிலேயை அழுத்திப் பிடிச்சிட்டிருந்தேன்."

"அந்த ரெண்டு நிமிஷமும் மறைந்தவரை நினைச்சீங்களா?"

மெயின் அண்ணன் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஒருமுறை பொய் எழுதிப் பார்த்தாயிற்று, போதும் என்று தோன்றியது. "இல்லைங்க. ரிலே விழுந்துடக் கூடாதேன்னுதான் நினைச்சேன். அவ ஞாபகம் வரலை."

அதிகாரி எழுதிக்கொண்டார். முகத்தில் வெறுப்பு தெரிந்தது. சொந்த மனைவியின் இரங்கலில் மனைவியை நினைக்காத மனுஷனை அவர் அன்றுதான் பார்க்கிறார் போலும். பிறகு கடைசிப் படிவத்தை எடுத்து நீட்டினார். விதிப்படி, இந்த வகைக் குற்றத்தில் மறைந்தவரின் குடும்பத்தினர் கருத்தையும் கேட்க வேண்டும். குடும்பத்தினர் மன்னித்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம்.

"குடும்பத்துல வேற யாராவது இருக்காங்களா?"

"நான் மட்டும்தாங்க."

"அப்ப நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. ஒரு டிக்தான். சும்மா ஒரு சடங்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் படிவத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "குற்றமிழைத்தவரை மறைந்தவரின் குடும்பம் மன்னிக்கிறது. மன்னிக்கவில்லை." பக்கத்தில் ரெண்டு கட்டம். கீழே, காரணம். பக்கத்தில் தீப்பெட்டி. மின்விசிறி சுற்றியதில் தாள் படபடத்தது. எழுந்து போய் மின்விசிறியை அணைத்தார். பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அதையும் அணைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, வாசல் பக்கம் போய் வீட்டு மெயின் சுவிட்சையே கீழே இறக்கினார்.

வீடு அடங்கிவிட்டது. கொடியில் அவர் தாறுமாறாகப் போட்ட ரெண்டு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு இந்த அமைதிதான் வேண்டியிருந்தது, வேறொன்றுமில்லை. ஒரு சுவிட்சை இறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆர்டரே இல்லாமல் வியாழக்கிழமை இருபத்தேழு சுவிட்சை இறக்கிய இதே கைதான் ஒன்பது வருஷமும் அங்கே இருந்தது. அவள் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் முகம் வாடிவிடக் கூடாதே என்று தானே சிரித்தும் வைத்தாள். நல்ல கோடு ஒன்றையாவது அவள் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

இத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. வாய்விட்டு அழுதார். மின்விசிறிச் சத்தமும் இல்லாததால் அவர் அழுகை அவருக்கே கேட்டது.

திங்கட்கிழமை காலை படிவத்தைக் கொண்டுபோய்க் குமாஸ்தாவிடம் கொடுத்தார். மன்னிக்கவில்லை என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. குமாஸ்தா தப்பாகப் போட்டுவிட்டாரோ என்று பார்த்து, காரணத்தை வாய்விட்டுப் படித்தார்: "உயிரோடு இருந்தபோது கேட்டாள். தரவில்லை."

"அண்ணே, இது நிர்வாகத்துமேல புகார் மாதிரி இருக்கே. இந்தப் படிவத்துல அதுக்கு இடமில்லை. யாரைச் சொல்றீங்க?"

"படிவத்துல போட்டிருக்கே, குத்தம் செஞ்சவர்னு. அவரைத்தாங்க."

குமாஸ்தா முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார். மெயின் அண்ணன் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பட்டை எண் இருநூற்றுப் பதினொன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.